முட்டைப் பந்துச் சங்கத்துக்கு நீ எழுதாத கடிதங்கள்

சாமு,

நீ கல்கத்தாவிலிருந்து புறப்படும் முன்பே இது உன் கைக்குக் கிடைத்தாக வேண்டும் என்று தேவசகாயத்திடம் சொல்லியிருக்கிறேன். தபால்காரரே பொறுப்பேற்றுக்கொண்டதால் கிடைத்துவிடும் என்று நம்புகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கோயிலில் பாதிரியார் கல்யாண ஓலை வாசித்தாகிவிட்டது, உன் நைனா வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்து முடித்துவிட்டு, அடித்தது போதாதென்று முருங்கை மரத்தின் அடிக்கும் அடித்துக்கொண்டிருக்கிறார். நீ கூடூரில் வண்டி மாறி ரேணிகுண்டா வழியாக வருவாய் அல்லவா? ரேணிகுண்டா பிளாட்பாரத்தில் ஏழெட்டுப் பேர் மாலையோடு நிற்பார்கள். அவர்களில் ஒருவர் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கி நீ பட்டாளத்துலேர்ந்து அந்த லெட்டரப் போடலன்னா நம்ம ஆட்டமே அழிஞ்சிருக்கும் சாமு" என்பார். நீ முழிப்பாய். எந்த லெட்டர் என்று கேட்பாய். அப்படி ஒரு லெட்டரை நீ எழுதவில்லை. நான்தான் எழுதினேன், சரியாகச் சொன்னால், நானும் எழுதவில்லை, நீ எழுதியதாக வாசித்தேன். அதை உன்னிடம் முதலில் நான் சொல்லிவிட வேண்டும்.

நீ இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்த நாளிலிருந்து எனக்கு இது பிடித்ததே இல்லை. ரேணிகுண்டா ரயில்வே லோகோ ஷெட் போர்மேன் தன் ஆட்களுக்குப் பழக்கியது, திருப்பதிக்கும் புத்தூருக்கும் போய், கடைசியில் நம் மிஷன் காம்பவுண்டுக்கும் வந்து சேர்ந்தது. ரக்பி என்று நீங்கள் சொன்னீர்கள், ஜனங்கள் முட்டைப் பந்து என்றார்கள். எனக்கு அது மாட்டுச் சண்டையாகத்தான் தெரிந்தது. பந்தைத் தூக்கிக்கொண்டு எதிராளியின் கோட்டுக்கு அப்பால் ஓடித் தரையில் வைக்க வேண்டும், ஆனால் முன்னால் நிற்பவனுக்கு எறியக் கூடாது, பின்னால் வருகிறவனுக்குத்தான் எறியலாம் என்று நீ ஒருநாள் சாப்பாட்டுத் தட்டில் சோற்றை உருட்டி வைத்து விளக்கினாய். முன்னே போக வேண்டியவர்கள் எதற்காகப் பின்னால் எறிய வேண்டும் என்று கேட்டேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். தோள்பூட்டு என்று ஒன்றைச் சொன்னாய். எட்டுப் பேர் ஒருவர் தோளையும் இடுப்பையும் ஒருவர் இறுகக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து, அதேபோல நிற்கிற எதிர்ப்பக்கத்து எட்டுப் பேரை முட்டித் தள்ளுவது. அதில்தான் உன் சட்டைகளெல்லாம் கிழிந்தன. ஒருமுறை உன் பந்து இரண்டு நாள் காணாமல் போய்ப் பிறகு கிடைத்தது நினைவிருக்கிறதா? அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்தவள் நான். உன்னோடு சேர்ந்து தேடவும் செய்தேன். இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நீ பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்று சங்கத்துக் காகிதங்களை என்னிடம் கொடுத்துவிட்டு, "யுத்தம் முடியற வரைக்கும் ஆட்டம் நிறுத்தி வெச்சிருக்குன்னு எல்லாக் கேப்டனுக்கும் ஒரு கார்டு போட்டுடும்மா" என்றாய். காரியதரிசி நீ. உத்தரவு தெளிவானது. ஆறு கார்டும் வாங்கினேன். முதல் கார்டில் "அன்புள்ள ஐயா" என்று எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. நீ போய் நாலு நாள்தான் ஆகியிருந்தது. வீட்டில் உன் துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. நீ தொடங்கி வைத்த ஒன்றை என் கையாலேயே மூடுவது எனக்கு என்னவோ போல இருந்தது. "வரும் சனிக்கிழமை மூன்று மணிக்கு ரேணிகுண்டாவில் வழக்கம்போல ஆட்டம் உண்டு, காரியதரிசிக்காக" என்று எழுதி, கீழே என் பெயரின் முதலெழுத்தைப் போட்டு, ஆறையும் அனுப்பிவிட்டேன். பெற்ற பிள்ளை சொன்னதை மீறி நான் செய்த முதல் காரியம் அது. அதற்கு இதுவரை வருத்தப்படவில்லை.

அப்போது எனக்குத் தெரியாதது, ஆள் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது. சூளூர்பேட்டையில் பாதிப்பேர் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். நாயுடுபேட்டையில் மீதியிருந்தவர்கள் விமானத்தளம் கட்டுகிற வேலைக்குப் போனார்கள். புத்தூர்க் கேப்டன், என்னோடு சேர்த்து மூன்று பேர்தான் இருக்கிறோம், அதில் ஒருவருக்கு மூலம் என்று பதில் எழுதினார். லோகோ ஷெட்டில் இரவு பகலாக வேலை, போர்மேனால் விசில் ஊத மட்டும் வர முடிந்தது. ஒரு வருஷத்துக்குள் மிஞ்சியது மூன்று இடம்: சித்தூரில் நம் மிஷன் ஆட்கள் பதினொன்று, திருப்பதியில் வக்கீல் குமாஸ்தா நாயுடுவின் ஆட்கள் ஒன்பது, ஏர்பேட்டில் முனுசாமியின் ஆட்கள் ஏழு. ஒரு பக்கத்துக்கே பதினைந்து பேர் வேண்டிய ஆட்டம். வாரா வாரம் ரயில் ஏறிப் போவோம், போர்மேன் தலைகளை எண்ணுவார், உதட்டைப் பிதுக்குவார், திரும்பி வருவோம். நான் ஏன் போனேன் என்கிறாயா? கார்டு போட்டு வரச் சொன்னவள் வராமல் இருந்தால் எப்படி? மைதான ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உன் நைனா அயோடினும் கட்டுத்துணியும் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருப்பார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் அல்லவா, அடிபட ஆள் இல்லாததில் அவருக்கு ஒரு குறை.

கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள் நான். பதினொன்றும் ஒன்பதும் ஏழும் இருபத்தேழு. எல்லாரையும் ஒன்றாகக் கலந்து, சீட்டுக் குலுக்கிப் பாதியாகப் பிரித்தால் பக்கத்துக்குப் பதின்மூன்று, ஒருவர் கோட்டோரம் நின்று பந்து வெளியே போகிறதா என்று பார்க்கலாம். இதில் என்ன கஷ்டம்? ஒரு சனிக்கிழமை ஷெட்டுக்குப் பின்னால் அந்தக் கரித்தூள் மைதானத்தில் மூன்று கேப்டன்களையும் நிறுத்திச் சொன்னேன். முதலில் மறுத்தது யார் தெரியுமா? நம் தேவசகாயம். "ஏர்பேட்டாங்க குடிச்சிட்டு வருவாங்க டீச்சரம்மா. கூலிக்காரங்க. நம்ம பசங்க ஜெபம் பண்ணிட்டு ஆட்றவங்க" என்றார். முனுசாமி சும்மா இருப்பானா? "நீங்க மட்டும் எந்த ஜமீனு? ஒங்க தாத்தாவும் எங்க தாத்தாவும் ஒரே களத்துல நெல்லு தூத்துனவங்கதான்" என்றான். நாயுடு சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எதிர்ல நின்னு மோதறது வேற விஷயம்மா. இடுப்பக் கட்டிக்கினு ஒண்ணா நிக்கறது வேற. எங்க ஊர்ல நாலு பேரு கேப்பாங்க" என்றார்.

நல்ல மனிதர். என்னிடம் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசாதவர். ஆனாலும் சொன்னார். நம் காம்பவுண்டு ஜனம் இரண்டு தலைமுறைக்கு முன் எந்தெந்த ஊருக்கு வெளியே குடியிருந்தது என்பதைத் திருப்பதி மறந்துவிடவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை, சாமு, ஆயாசமாக இருந்தது. ஆள் நிறைய இருந்தபோதுகூட யாரும் இவ்வளவு கணக்குப் பார்த்ததில்லை. குறையக் குறையத்தான் யாரைச் சேர்க்கக் கூடாது என்ற பேச்சு கூடிக்கொண்டே போனது. அப்போது என் பையில் கை போனது. உள்ளே நாலாம் வகுப்பு விடைத்தாள்கள் இருந்தன. ஒன்றை எடுத்துப் பிரித்தேன். "சாமு எழுதியிருக்கான்" என்றேன். என் வாயிலிருந்து அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. "'அம்மா, இங்கே ஒரே பள்ளத்தில் பத்துப் பேர் படுக்கிறோம், யார் எந்த ஊர் என்று கேட்க நேரமில்லை. அங்கே ஆள் குறைந்தால் எல்லாரையும் கலந்து பக்கத்துக்குப் பதின்மூன்று பேராக வைத்து ஆடுங்கள். ஆட்டம் மட்டும் நிற்கக் கூடாது. இது காரியதரிசியின் உத்தரவு'" என்று வாசித்தேன்.

சண்டைமுனையில் இருக்கிற பையனோடு யார் வாதாடுவார்கள்? நாயுடு மற்றச் சட்டைக் கையையும் மடித்து முடித்தார். "காரியதரிசி ஆர்டர்னா சரி" என்றார். குடையைக் கவிழ்த்து அதில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினோம். நாயுடுவும் முனுசாமியும் தேவசகாயமும் ஒரே பக்கம் வந்தார்கள், தோள்பூட்டில் ஒரே வரிசை. நான் எதுவும் செய்யவில்லை, சீட்டு அப்படி விழுந்தது.

அந்த முதல் ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பழைய பழக்கத்தில் அவரவர் தங்கள் ஊர்க்காரனுக்கே பந்தை எறிந்தார்கள், அவனோ இப்போது எதிர்ப்பக்கம். தேவசகாயம் அழகாக ஓடிப்போய் எதிரிக்குப் பந்தைக் கொடுத்துவிட்டு, "ஐயோ, நீ அந்தப் பக்கமா" என்று நின்றார். முனுசாமி அதற்கு முந்தின நாள்தான் மலைக்குப் போய் மொட்டை போட்டுத் தலை நிறையச் சந்தனம் பூசி வந்திருந்தான். வியர்வையில் அந்தச் சந்தனம் வழிந்து கழுத்து முதுகெல்லாம் வழுக்க, பிடித்தவன் கையெல்லாம் நழுவியது. நாலு பேர் மேலே விழுந்தார்கள், நாலு பேரும் தரையைத்தான் கட்டிக்கொண்டார்கள். அவன் எழுந்து ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டான். ரயிலுக்குக் காத்திருந்த யாத்திரைக்காரர்கள் வேலி ஓரம் வந்து நின்று சிரித்தார்கள். தோள்பூட்டில் நாயுடு முதலில் விரல் நுனியால்தான் முனுசாமியின் இடுப்பைத் தொட்டார். எதிர்ப்பக்கம் ஒரு தள்ளுத் தள்ளியது. மூன்று பேரும் மல்லாந்து விழுந்தார்கள். எழுந்ததும் நாயுடுவின் வெள்ளைச் சட்டை கரித்தூளில் கறுத்திருந்தது. "கெட்டியா புடிங்க சாமி, உழுந்தா எல்லாருந்தான் உழுவோம்" என்றான் முனுசாமி. அடுத்த முறை கெட்டியாகப் பிடித்தார். இடைவேளையில் பானைத் தண்ணீரைத் தேவசகாயம் மொண்டு நீட்டினார். நாயுடு ஒரு கணம் தயங்கினார், பிறகு வாங்கிக் குடித்தார். தாகம் அப்படி. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மனிதரை உற்றுப் பார்க்கக் கூடாது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் ஒருமுறை பலித்தால் கை சும்மா இருக்காது. தாமதமாக வருகிறவர்களைப் பற்றி நீ எழுதினாய். ஏர்பேட்டார் கூலி கெட்டுப்போகாமல் ஆட்டத்தை நாலு மணிக்குத் தள்ளச் சொல்லி நீ எழுதினாய். கள் குடித்துவிட்டு வந்தால் ஒரு வாரம் வெளியே என்று நீ எழுதினாய். நீ மிகவும் நியாயமானவன், சாமு, என் வாயில் இருந்த வரைக்கும். இதற்கிடையில்தான் உன் கடிதங்கள் நின்றன. நாலு மாதம். அஸ்ஸாம் பக்கம் சண்டை என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. தேவசகாயம் தினமும் நம் தெருவில் வருவார், நம் வாசலில் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் போவார். வாரத்தில் ஆறு நாள் உன் கடிதம் வராது. ஏழாவது நாள், சனிக்கிழமை, மைதானத்தில் நான் உன் கடிதத்தை வாசிப்பேன். அது ஏமாற்று வேலை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து நிமிஷம் நீ உயிரோடு இருந்தாய், கோபித்தாய், கேலி செய்தாய். என்னால் விட முடியவில்லை.

நான் வாசிக்கத் தொடங்கும் முன்பே உன் நைனாவுக்குச் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரியில் வேலை போட்டிருந்தார்கள், அவர் மைதானத்துக்கு வருவதில்லை. ஒரு சனிக்கிழமை வேலை முடிந்து அவர் திரும்பும்போது யாரோ அவரை ஸ்டேஷனில் பார்த்து, "சாமு லெட்டர் வந்துச்சாமே, அம்மா படிச்சாங்க" என்று சொல்லிவிட்டார்கள். மனிதர் சைக்கிளை எங்கோ போட்டுவிட்டு ஓடி வந்தார். நான் வீட்டுக்குள் அப்போதுதான் நுழைந்திருந்தேன். மூச்சு வாங்கிக்கொண்டு வாசற்படியில் நின்று, "குடு, காட்டு, இன்னா எழுதியிருக்கான்" என்று கையை நீட்டினார். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பையிலிருந்த விடைத்தாளை எடுத்து அந்தக் கையில் வைத்தேன். அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், முதல் நாளிலிருந்து. திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். விடைத்தாளை மடித்துக்கொண்டே, "அந்த லெட்டர்ல இன்னா சொன்னான்?" என்று கேட்டார். சொன்னேன். விசில் ஊதின பிறகும் பேசிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி நீ கேலியாக எழுதியிருந்ததைச் சொன்னேன். "ஆமா, அவன் அப்டித்தான் எழுதுவான்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், கண்ணில் தண்ணீர். நான் வாழ்க்கையில் செய்த தப்புகளில் பெரியது, ஒரு தகப்பனுக்கு ஒரு நிமிஷ சந்தோஷத்தைக் கொடுத்துப் பிடுங்கியது. அன்றே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடம் இப்போது கேட்கிறேன்.

அதற்குப் பிறகு மைதானத்தில் நான் எதையும் வாசிக்கவில்லை. மூன்றாவது வாரம் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். தேவசகாயம் வகுப்பு வாசலில் வந்து நின்றார், தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு. கையில் ஒரு கவர், சென்சார் முத்திரையோடு. உள்ளே வந்து மேசைமேல் வைத்து, "டீச்சரம்மா, இது நெஜ லெட்டர்" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற மனிதர் அவர்தானே. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வாசிக்கும்போது முன்வரிசையில் நின்று தலையாட்டியவரும் அவர்தானே. "தெரிஞ்சா ஏன் சொல்லல?" என்றேன். "சொன்னா நீங்க படிக்கறத நிறுத்திடுவீங்களே" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நாற்பது பிள்ளைகள் முன்னால் நான் அழுதேன். ஏழாம் வாய்ப்பாடு அன்றோடு நின்றுபோனது, அந்த வகுப்புக்கு இன்றைக்கும் அது சரியாக வராது.

நீ வருகிறாய் என்று தெரிந்ததும், நாயுடுவிடமாவது நேரில் சொல்லிவிட வேண்டும் என்று போன வாரம் திருப்பதிக்குப் போனேன். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்காரவைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க அன்னிக்கி பேப்பர வெளிச்சத்துக்கு எதிர்ல புடிச்சிக்கினு இருந்தீங்கம்மா. செவப்பு மசியில நாப்பத்திரெண்டு மார்க்குன்னு பேப்பருக்குப் பின்னாலேர்ந்தே எனக்குத் தெரிஞ்சிது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பின் எதற்கு ஒப்புக்கொண்டீர்கள் என்றேன். "எங்க ஊர்ல நாலு பேரு கேப்பாங்கன்னு சொன்னேனே. அவங்களுக்குச் சொல்ல எனக்கு ஒரு பதில் வேணுமில்ல? பட்டாளத்து ஆர்டர்னு சொன்னேன். வாயத் தெறக்கல ஒருத்தன்." பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "எனக்கும் ஆடணும்னுதான் இருந்துதும்மா" என்றார்.

இதையெல்லாம் எழுதுவது புத்தி சொல்லத்தான் என்று உனக்குத் தெரியும். ரொம்பச் சொல்லப் போவதில்லை. மனிதர்கள் மறுக்கும்போது மறுப்பை மட்டும் பார்க்காதே, அவர்களுக்கு என்ன சாக்குத் தேவைப்படுகிறது என்று பார். அதை நான் தற்செயலாகக் கண்டுபிடித்தேன், நீ தெரிந்தே செய். ஆனால் என்னைப் போல இன்னொருவர் வாயில் சொல்லை வைத்துச் செய்யாதே. நல்லதுக்கென்று தொடங்கினாலும், எங்கேயோ ஒரு வாசற்படியில் யாரோ கையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். உன் மனைவியிடம் சொல்ல வேண்டியதை நீயே சொல்லு, "எங்கம்மாவுக்குப் பிடிக்காது" என்று என்னைச் சாக்காக வைக்காதே. நானும் "சாமுவுக்குப் பிடிக்காது" என்று அவளிடம் சொல்ல மாட்டேன். உன் பெயரில் பேசுவதை நான் விட்டாயிற்று. வீடு என்பது ஆள் குறைவான இடம், இரண்டே பேர். கோபம் வந்தால் வரட்டும், யாரும் மைதானத்தை விட்டுப் போகாமல் இருந்தால் போதும். உன் நைனாவும் நானும் இருபத்தாறு வருஷம் அப்படித்தான் ஓட்டியிருக்கிறோம். அவர் ஒருமுறை காளஹஸ்தி வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார், அது வேறு கதை.

பிளாட்பாரத்தில் உன் கையைப் பிடித்துக்கொள்கிறவர்களிடம் என்ன சொல்வது என்பதை நீயே முடிவு செய். உண்மையைச் சொன்னாலும் எனக்கு அவமானமில்லை. மாத ஆரம்பத்தில் நடந்த கூட்டத்தில் என் பெயரையே முழுதாக எழுதி என்னைக் காரியதரிசியாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், அந்த வேலையைத் திரும்பக் கேட்காதே. இப்போது நாற்பத்தொரு பேர் இருக்கிறோம், ஷெட் ஆட்களும் திரும்பிவிட்டார்கள். இன்னும் நாலு பேர் சேர்ந்தால் மூன்று முழுப் பக்கம் ஆகும். இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெண் பேச நாயுடுபேட்டைக்குப் போனபோது உன் மாமனார், "மாப்பிள்ளைக்கு என்ன செய்யணும், கூச்சப்படாம கேளுங்க" என்றார். பாத்திரம் பண்டம், நகை நட்டு எதுவும் வேண்டாம் என்று உன் நைனா சொல்லிவிட்டார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. பெண்ணுக்கு அண்ணன் தம்பி, சித்தப்பா பிள்ளைகள் என்று வரிசையாகத் தடித்தடியாக நின்றுகொண்டிருந்தார்கள். ஆட்டத்துக்கு நாலு பேர் கேட்டேன், ஏழு பேர் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உன் பெயரைச் சொல்லிக் கேட்கவில்லை, சாமு. என் பெயரில்தான் கேட்டேன்.

உன் அம்மா